அப்புவின் மூச்சு

மாமாவின் காரிலிருந்து அப்பு இறங்கிய அன்று எங்கள் சந்தே வாசலில் கூடிவிட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "கடிக்குமோ?" முகம் அப்படி. கீழ்த்தாடை முன்னால் துருத்தி, அதிலிருந்து இரண்டு பற்கள் எட்டிப் பார்க்க, கன்னச் சதை இருபக்கமும் தொங்க, நெற்றியெல்லாம் மடிப்பாக இருக்கும் நாயைப் பார்த்தால் வேறு என்ன கேட்கத் தோன்றும்? எங்களோடு இருந்த காலம் முழுவதும் அப்பு யாரையும் கடித்ததில்லை. குரைத்ததே அபூர்வம். ஆனால் நிம்மதியாக மூச்சு விட்ட நாட்கள் அவனுக்குக் கொஞ்சம்தான். புல்டாக் வளர்க்க ஆசைப்படும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

சின்ன மாமா கொச்சியின் காக்கநாட்டில் இன்ஃபோபார்க்கில் வேலை பார்த்தார். பெங்களூரில் ஒரு வளர்ப்பாளரிடம் குட்டியாக வாங்கி, ஏ.சி. போட்ட அடுக்குமாடி வீட்டில் அவனை வளர்த்தார். 2017-ல் அவருக்கு டொராண்டோவுக்கு மாற்றல் வந்தது. நாயையும் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆசை. ஆனால் புல்டாக், பக் முதலிய தட்டை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் சரக்கறையில் ஏற்றுவதில்லை. நீண்ட பயணத்தின் வெப்பத்திலும் பதற்றத்திலும் மூச்சு முட்டி இறந்துபோகும் ஆபத்து இந்த இனங்களுக்கு அதிகம். மாமா அலைந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து நின்றார். "விலைக்குக் கேக்கறாங்கக்கா. எல்லாரும் பிரீடிங்குக்குத்தான் கேக்கறாங்க. எனக்கு மனசு வரல. நீ வச்சுக்கோ." அம்மா சரியென்று சொல்வதற்குள் அப்பு அடுக்களை வாசலில் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிட்டான்.

அந்தத் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிளகு வியாபாரத்துக்கென்று வந்து மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டவர். அப்பா பஜார் ரோட்டில் ஒரு பாண்டிகசாலையில், அதாவது சரக்குக் கிடங்கில், கடைசிவரை கணக்கெழுதினார். பேலஸ் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. ஓட்டுக் கூரை, உயரமான உத்தரம், சிவப்பு ஆக்சைடு பூசிய தரை. பல வருஷம் தேய்த்துத் தேய்த்து மெருகேறிய அந்தத் தரை உச்சி வெயிலிலும் குளிர்ந்திருக்கும். பின்னங்கால்கள் இரண்டையும் அகல விரித்து, வயிறும் தொடையும் தரையில் ஒட்டும்படி அப்பு கிடப்பான். படுத்த இடம் சூடேறியதும் எழுந்து ஓரடி தள்ளிப் படுப்பான். இப்படியே நகர்ந்து நகர்ந்து மாலைக்குள் கூடத்திலிருந்து பின்கட்டு வரை போய்விடுவான். அந்தத் தரை இல்லாவிட்டால் கொச்சியில் அவனை அத்தனை காலம் வைத்திருக்க முடிந்திருக்காது.

சந்தில் கொங்கணி வீடு, குஜராத்தி வீடு, கச்சி மேமன் வீடு, எங்கள் தமிழ் வீடு எல்லாம் சுவரோடு சுவர். பள்ளிக்கூடமோ மதரசாவோ விட்டு வரும் பிள்ளைகள் பையைக்கூடக் கழற்றாமல் எங்கள் திண்ணைக்கு வருவார்கள். காதைப் பிடிப்பார்கள், கன்னச் சதையை விரித்துப் பல்லை எண்ணுவார்கள், முதுகில் நோட்டை வைத்து எழுதுவார்கள். அப்பு கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். அதற்காக எந்த நாயின் பொறுமையையும் பிள்ளைகள் கையில் விட்டுவிடக் கூடாது. அப்புவுக்கும் ஓர் எல்லை இருந்தது, அது சாப்பாட்டுத் தட்டு. தட்டில் தலை இருக்கும்போது யாராவது கை நீட்டினால் அவன் உடம்பு விறைக்கும். தொண்டைக்குள் ஓர் உறுமல் கிளம்பும். வந்த வாரமே என் மகளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தோம். அவன் சாப்பிடும்போது பின்கட்டுக் கதவை ஒருக்களித்து வைப்பது வீட்டு வழக்கமாயிற்று.

காவலுக்கு என்று புல்டாக் வாங்குபவர்கள் ஏமாந்து போவார்கள். புதிதாக யார் வந்தாலும் அப்பு குட்டை வாலோடு பின்பாகம் முழுவதையும் ஆட்டிக்கொண்டு எதிரே போவான். காஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன் முதல் தடவை படியேற மறுத்தான். அடுத்த முறை பிஸ்கட் கொண்டு வந்தான். அப்புவால் தாங்க முடியாதது தனிமை ஒன்றுதான். எல்லோரும் வெளியே கிளம்புவது தெரிந்தால் செருப்பின் மேல் வந்து படுத்துக்கொள்வான். நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இந்த நாய் ஆகாது.

பிடிவாதமும் உண்டு. யூதத் தெருவில் நடந்துகொண்டே இருப்பவன் திடீரென்று நட்ட நடுவில் உட்கார்ந்துவிடுவான். இருபத்தைந்து கிலோ. பியனாலே கலைக் கண்காட்சி நடந்த 2018-19 சீசனில் அந்தப் பக்கம் கூட்டம் அலைமோதும். வெளிநாட்டுக்காரர்கள் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். நான் வாரைப் பிடித்தபடி காத்திருப்பேன். புல்டாக்கை ஒருபோதும் இழுக்கக் கூடாது. கழுத்துப் பட்டை போட்டு இழுத்தால் ஏற்கெனவே ஒடுங்கிய மூச்சுக் குழாய் இன்னும் நெரியும். மார்பைச் சுற்றிவரும் ஹார்னஸ்தான் போட வேண்டும். நாய் உட்கார்ந்தால் பிடிவாதமா களைப்பா என்று முதலில் நாக்கைப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் பிடிவாதம். காத்திருந்தால் போதும். கருஞ்சிவப்பாகவோ நீலம் பாரித்தோ இருந்தால் நடை அங்கேயே முடிந்தது, ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான்.

அந்தப் பிடிவாதம் எங்கள் ஆச்சிக்குச் செய்த உதவியை மறக்க முடியாது. ஆச்சிக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்த காலம் அது. ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து, ஊருக்குப் போக வேண்டும் என்று வாசல் கதவைத் திறக்கப் போவாள். யாரும் பழக்காமலே அப்பு வாசற்படிக்குக் குறுக்கே படுக்க ஆரம்பித்தான். "ஏலே, வழிய வுடுலே. வண்டி போயிரும்லா" என்று ஆச்சி அதட்டுவாள். அவன் அசைய மாட்டான். அவளால் தாண்டவும் முடியாது. கொஞ்ச நேரம் திட்டிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் அங்கேயே உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்துக்கொள்வாள். சத்தம் கேட்டு அம்மா எழுந்து வரும்போது இரண்டு பேரும் அப்படியே இருப்பார்கள். பேரன் பேத்தி பெயரெல்லாம் மறந்துபோன பிறகும் அப்பு என்ற பெயர் ஆச்சி நாக்கில் இருந்தது.

இவ்வளவு சாதுவான பிராணியின் பூர்வகதை ரத்தக்கறை படிந்தது. நம் மஞ்சுவிரட்டில் மாட்டோடு மோதுபவன் மனிதன். இங்கிலாந்தில் மாட்டைக் கம்பத்தில் கட்டிப்போட்டு நாயை ஏவினார்கள். மாட்டின் மூக்கைக் கவ்வித் தொங்குவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் இது. 1835-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விலங்குவதைத் தடைச் சட்டம் கொண்டுவந்து அந்த விளையாட்டை நிறுத்தியது. வேலை போன நாயை வீட்டுப் பிராணியாக்க முனைந்தவர்கள் மூர்க்கத்தைக் கழித்து, சாதுவான குட்டிகளையே தேர்ந்து தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தார்கள். அப்புவின் பொறுமை அந்தத் தேர்வில் வந்தது. அதற்காக அவர்களை மெச்சலாம்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆபிரகாம் கூப்பர் வரைந்து 1817-ல் அச்சுப்படமாக வந்த கிரிப், ரோசா என்ற இரண்டு புல்டாக்குகளின் ஓவியத்தைப் பார்த்திருக்கிறேன். நீளமான கால், இறுகிய உடம்பு, மூச்சு விடுவதற்குப் போதுமான மூக்கு. 1875-ல் இங்கிலாந்தில் புல்டாக் சங்கம் அமைந்து, கண்காட்சிகள் பெருகி, பரிசு வாங்கும் முகம் இன்னதென்று எழுதி வைத்த பிறகு முகம் தட்டையாகிக்கொண்டே போனது. தலை பெருத்தது, இடுப்பு ஒடுங்கியது. இன்று பெண் புல்டாக் தானாகக் குட்டி போடுவதே அரிது. பிரிட்டனில் நடந்த ஆய்வில் பத்து ஈற்றில் எட்டுக்கும் மேல் அறுவைச் சிகிச்சையில்தான் நடந்திருந்தன. பெற்றெடுக்கவே முடியாத ஓர் உடம்பை அழகுக்காக உண்டாக்கி வைத்திருக்கிறோம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

தட்டை முகம் என்றால் வெளியே மூக்கு குட்டை என்பது மட்டும் அல்ல. எலும்பு சுருங்கிவிட்டது, உள்ளே இருக்கும் சதை சுருங்கவில்லை. அண்ணத்தின் மென்பகுதி நீண்டு தொண்டைக்குள் தொங்குகிறது. நாசித் துவாரம் கோடாகிவிடுகிறது. பலவற்றுக்கு மூச்சுக் குழாயே ஒடுங்கியிருக்கிறது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வியர்வை. சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கும் பெரிய வழி இளைப்பதுதான். வேகமாக மூச்சு வாங்கும்போது மூக்குக்குள்ளும் நாக்கிலும் ஈரம் ஆவியாகி ரத்தம் குளிர்கிறது. நீண்ட மூக்குள்ள நாய்க்கு அதற்கு இடம் இருக்கிறது. புல்டாக்குக்கு இல்லை. பத்தாததற்குக் கொச்சிக் காற்று. காயலும் கடலும் சூழ்ந்த ஊரில் காற்றே ஈரம் சுமந்து நிற்கும்போது நாக்கிலிருக்கும் ஈரம் எங்கே ஆவியாகும்? 32 டிகிரிதானே என்று வெப்பமானியைப் பார்த்து ஏமாறக் கூடாது.

2019 ஏப்ரலில் ஒரு மத்தியானம் இதெல்லாம் எங்களுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டது. இலை அசையவில்லை. அப்பு தரையில் கிடந்து இளைத்துக்கொண்டிருந்தான். கோடையில் அது வழக்கம்தான். ஆச்சிதான் முதலில் பார்த்தாள். "ஏட்டி, இவன் நாக்கப் பாரு. நாவப்பழம் தின்னவன் கணக்கா இருக்கு." அருகே போனேன். வாயோரம் கெட்டியாக நுரை. கூப்பிட்டால் கண் மட்டும் திரும்புகிறது, தலை தூக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்வாங்கியது.

கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தோம். "முதலில் குளிர வையுங்கள், அப்புறம் கொண்டு வாருங்கள்" என்றார். இந்த வரிசையை நாய் வைத்திருப்பவர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்கட்டுக் குழாயடிக்கு அவனை இழுத்துப் போய், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் உள்ளங்காலிலும் குழாய்த் தண்ணீரை விடாமல் ஊற்றினோம். என் மகள் பனை விசிறியால் வீசினாள். ஈரத் துண்டால் போர்த்தி மூடக் கூடாது. துண்டுக்குள் சூடு தங்கிவிடும். நினைவு தப்பும் நாயின் வாயில் தண்ணீர் புகட்டவும் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். அதன் முன்னால் கிண்ணத்தில் வைத்தால் போதும்.

பக்கத்து வீட்டு இத்தா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். முஸ்லிம்களான அவர்கள் வழக்கத்தில் நாயின் எச்சில் பட்டால் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும். அதனால் அவர் அப்புவைத் தொடுவதில்லை. ஆனால் சந்து முனையில் ஆட்டோவை நிறுத்தி, வீட்டில் இருந்த தண்ணீர் பாட்டில்களை எல்லாம் சீட்டில் அடுக்கி வைத்துவிட்டு நின்றவர் அவர்தான். தோப்பும்படி வரை வழியெல்லாம் அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனோம். ஆட்டோக்காரர் சீட் நனைவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கவாட்டுத் திரையைச் சுருட்டிவிட்டுக் காற்று வரும்படி ஓட்டினார்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. மருத்துவமனையில் பார்த்தபோது அப்புவுக்கு 41-ஐத் தாண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றாமல் வந்திருந்தால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆக்சிஜன் வைத்தார், டிரிப் ஏற்றினார். சாயந்திரம் அப்பு எழுந்து உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டு அவன் மூக்கைக் காட்டினார். நாசித் துவாரங்கள் இரண்டும் நகக்குறி அகலம்கூட இல்லை. ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் அந்தக் கோடும் மூடிக்கொண்டது. "தூங்கும்போது குறட்டை விடுகிறானா?" என்று கேட்டார். விடுவான், வீடே அதிரும், அதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம் என்றேன். "காற்று போக வழி இல்லாமல் வரும் சத்தம் அது" என்றார்.

அந்த டிசம்பரில், கொஞ்சம் குளிர் வந்த பிறகு, அறுவைச் சிகிச்சை செய்தோம். நாசித் துவாரத்தின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி அகலப்படுத்துவார்கள். நீண்ட அண்ணச் சதையைக் குறைப்பார்கள். இந்த இனத்துக்கு மயக்க மருந்தே ஆபத்தானது. மருந்து தெளிந்து மூச்சுக்காகச் செருகிய குழாயை எடுக்கும் நேரம் இன்னும் ஆபத்தானது. அதனால் தட்டை மூக்கு நாய்களுக்கு அடிக்கடி செய்து கை தேர்ந்தவரிடம்தான் போக வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி அப்பு சத்தமே இல்லாமல் தூங்கினான். சத்தம் இல்லாததால் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து எழுந்து போய் அவன் விலாவில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவன் நடை கூடியது. சந்து முனை வரை போய்த் திரும்பியவன் மட்டாஞ்சேரி ஜெட்டி வரை வர ஆரம்பித்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான், தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான். கை பொறுக்காத சாலையை நாயின் பாதமும் பொறுக்காது.

பஜார் ரோடு வழியாகப் போனால் மட்டும் தகராறு. சுக்கு மூட்டை இறக்கும் நேரத்தில் தூசி மூக்கில் ஏறி, தும்மித் தும்மி அவனுக்குக் கண் சிவந்துவிடும். மற்ற நாய்க்கு அது வெறும் தும்மல். அவனுக்கு அன்று மாலை வரை மூச்சு சீராகாது.

கோடை ஒரு பக்கம் என்றால் மழைக்காலம் இன்னொரு பக்கம். ஜூன் பிறந்தால் கொச்சியில் எதுவும் காயாது. புல்டாக்கின் முக மடிப்புக்குள் ஈரம் தங்கினால் இரண்டு நாளில் சிவந்து, புழுங்கி, நாற்றம் எடுக்கும். அப்புறம் புண்தான். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அம்மா கூடத்தில் காலை நீட்டி உட்காருவாள். அவன் தானாக வந்து தாடையை அவள் முழங்காலில் வைப்பான். அப்பாவின் பழைய மல் வேட்டியைக் கிழித்து வைத்திருந்த துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூக்குக்கு மேலே இருக்கும் பெரிய மடிப்பை இரண்டு விரலால் விரித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இழுப்பாகத் துடைப்பாள். துண்டில் பழுப்பாக அழுக்கு வரும். அழுக்கு வராத வரைக்கும் துடைத்துவிட்டு, காய்ந்த துண்டால் ஈரத்தை ஒற்றி எடுப்பாள். துடைப்பதைவிட அந்த ஒற்றுதல் முக்கியம். வால் என்ற பேரில் இருக்கும் அந்தச் சுருளுக்கு அடியிலும் ஒரு பள்ளம் உண்டு. அங்கேயும் இதே வேலை. தேங்காயெண்ணெயும் மஞ்சளும் வைத்தால் ஆறும் என்று சந்தில் பலர் சொன்னார்கள். டாக்டர் வேண்டாம் என்றார். எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும்.

மழையில் அந்தத் துண்டுகளைக் காய வைப்பதே பெரும்பாடு. அதைத் தீர்த்து வைத்தவர் வேளியில் இருக்கும் டோபி கானாவில் துணி தேய்க்கும் அண்ணாச்சி. டச்சுக்காரர்கள் காலத்தில் படைவீரர்களின் உடுப்புத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் அந்தத் தொழிலைச் செய்கிறார்கள். இப்போதிருக்கும் கட்டடத்தை 1976-ல் விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது. வீட்டுத் துணி எடுக்க வரும்போது அப்புவின் துண்டுகளையும் அண்ணாச்சி கேட்டு வாங்கிப் போவார். மொறுமொறுவென்று தேய்த்து அடுக்கித் தருவார். அதற்குக் காசு வாங்கமாட்டார். "வாயில்லாத ஜீவனுக்கு எதுக்கும்மா கணக்கு?" என்பார்.

மட்டாஞ்சேரியில் நாய் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய பாண்டிகசாலைகளில் எலி அதிகம். மழையில் ஓடை நிரம்பித் தெருவுக்கு வரும். சில நாட்களில் காயல் ஏற்றத்திலேயே தண்ணீர் உள்ளே ஏறும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரவும். நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். வெறிநோய்த் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் வருஷம் தவறாமல் போட வேண்டும். உண்ணிக் காய்ச்சலும் கேரளத்தில் சாதாரணம். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடிப் பார்ப்பது என் மகளின் ஞாயிற்றுக்கிழமை வேலை. மழைத் தண்ணீர் தேங்கினால் அப்புவை வெளியே விடமாட்டோம். நோய்க்குப் பயந்து மட்டுமல்ல. கனத்த தலையும் குட்டைக் காலுமான புல்டாக்குக்கு நீந்த வராது. ஆழமான குளத்திலோ காயலிலோ விழுந்தால் மூழ்கிவிடும்.

சாப்பாட்டில் அம்மாவுக்கும் டாக்டருக்கும் ஓயாத வழக்கு. முள் எடுத்த மத்தியும் சோறும் பிசைந்து போடுவது அம்மாவுக்குப் பிரியம். ஒவ்வொரு கிலோ கூடும்போதும் அவன் மூச்சு அந்த அளவுக்குக் குறைகிறது என்று டாக்டர் எடைக் கருவியைக் காட்டிச் சொன்னார். அன்றிலிருந்து சோறு பாதியாயிற்று. வேகவைத்த பூசணியும் பீன்ஸும் சேர்ந்தன. மத்தி மட்டும் நிற்கவில்லை. அவசரமாக விழுங்கிக் கக்காமல் இருக்க அகலத் தாம்பாளத்தில் பரப்பி வைப்பாள்.

2023 மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் எரிந்தது. கொச்சி மாநகரமே பிளாஸ்டிக் புகையைச் சுவாசித்தது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள், முகக்கவசம் போடச் சொன்னார்கள். கிழக்குப் பகுதி அளவுக்கு எங்கள் பக்கம் புகை இல்லை. ஆனாலும் விடியற்காலையில் அந்த நெடி இருக்கும். நாங்கள் ஜன்னலை அடைத்து, அப்புவை உள்ளறையில் வைத்துக்கொண்டோம். அவனுக்கு முகக்கவசம் கிடையாது. அதற்குப் பிறகு அவனால் ஜெட்டி வரை வர முடியவில்லை. இதயமும் பெருத்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. காற்றுக்காக வருஷக்கணக்கில் போராடும் நாய்களுக்கு அப்படி ஆவதுண்டு என்றார்கள். அந்த வருஷத்து மழை முடியும் முன்பே அப்பு போய்விட்டான். எட்டு வயது. பிரிட்டனில் 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி இங்கிலீஷ் புல்டாக்கின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 7.4 வருஷம். ஜாக் ரஸல் டெரியருக்கு 12.7. அப்புவுக்கு நீண்ட ஆயுள் என்று நாங்கள் ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம், 2024 மார்ச்சில், மத்திய அரசு 23 இன நாய்கள் ஆபத்தானவை என்று பட்டியலிட்டு, அவற்றை விற்கவும் வளர்க்கவும் அனுமதிக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதில் அமெரிக்கன் புல்டாக்கும் இருந்தது. அது வேறு இனம், அப்புவின் இனம் இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. என் கவலை வேறு. மனிதருக்கு ஆபத்தான நாய் எது என்று பட்டியல் போட ஆளிருக்கிறது, மனிதரால் ஆபத்துக்குள்ளான நாய் எது என்று யார் பார்க்கிறார்கள்? அந்த வகையில் 2024-ல் தமிழ்நாடு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையை நான் வரவேற்றேன். நம் வெயிலுக்கு ஒத்துவராத இனங்களென்று பிரெஞ்சு புல்டாக், பக் உள்ளிட்டவற்றை இனப்பெருக்கம் செய்யக் கூடாத பட்டியலில் அது சேர்த்தது. இங்கிலீஷ் புல்டாக்கையும் சேர்த்திருக்க வேண்டும். கேரளமும் அப்படி ஒன்றைச் செய்ய வேண்டும். நெதர்லாந்தில் மூக்கு ஓர் அளவுக்குக் குறைந்த நாய்களை இணைசேர்க்க 2019 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. குளிர் நாட்டுக்கே அது தேவைப்படுகிறது என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, புல்டாக் குட்டி வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அப்புவின் அன்பைப் பார்த்தவள் என்பதால்தான் சொல்கிறேன். நாம் ஒன்றை வாங்கினால் மூச்சு முட்டும் இன்னொன்றை யாரோ பிறக்க வைப்பார்கள். தெருவில் பிறந்த குட்டியை எடுங்கள், இந்த வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்ற உடம்போடு அது பிறந்திருக்கிறது. அன்பிலும் குறை வைக்காது. புல்டாக்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், ஊர் மாறிப் போகிறவர்கள் கைவிடும் வளர்ந்த நாய் எங்காவது இருக்கும், அதைக் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே வீட்டில் புல்டாக் இருக்கிறவர்கள் இன்று அது தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைப் பாருங்கள். துவாரம் கோடாக இருந்தால், குறட்டை பலமாக இருந்தால், கோடை வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.